மாமா என்று கத்திய பெண்

ஜூலை 9

எதையும் எழுதிவைக்காதே என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். எழுதினால் எதிர்த்தரப்பு கையில் கிடைத்து, அதை வைத்தே என்னை மடக்குவார்களாம். அதனால்தான் கணக்கு ரஃப் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்கக் கணக்கு, யாரும் புரட்ட மாட்டார்கள். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று அம்மா, நான், பெரிய மாமா மூன்று பேரும் கோர்ட்டுக்குப் போனோம். காசு வாங்காமல் கேஸ் நடத்தித்தர அரசாங்கமே வக்கீல் கொடுக்கும் என்று எங்கள் கிளாஸ் டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அப்படிக் கிடைத்தவர்தான் ஜெசிந்தா வக்கீலம்மா. மேஜையில் பாதிக்கு மேல் கட்டுக்கட்டாகக் கேஸ் பேப்பர். மீதி இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ். சாப்பிட்டுக்கொண்டே எங்கள் பேப்பரைப் படித்தார்.

"சுடலைமுத்து உனக்கு என்ன வேணும்?"

"அப்பா."

"அப்ப எஃப்.ஐ.ஆர்ல ஏன் 'என் தாய்மாமன் சுடலைமுத்து'ன்னு இருக்கு? நேர்ல பாத்த பிள்ளை சொன்னதா ஏட்டு எழுதியிருக்காரு. வேல்கனின்னு உன் பேருதான் போட்டிருக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பெரிய மாமாவைப் பார்த்தாள். பெரிய மாமா சிரித்துவிட்டு, "அது ஒண்ணும் இல்ல மேடம், எங்க வீட்டுப் பழக்கம்" என்றார்.

நாங்கள் பெரிய மாமா வீட்டின் பின்பக்க அறையில்தான் எப்போதும் இருக்கிறோம். பெரிய மாமா என்பது அம்மாவின் அண்ணன், கொம்பையா. அவருடைய பிள்ளைகளுக்கு என் அப்பா அத்தை வீட்டுக்காரர், அதனால் மாமா. அம்மாவுக்கும் அவர் சொந்த அத்தை மகன், அம்மாவும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். வீடு முழுக்க மாமா மாமா என்று கேட்டு நானும் அப்படியே கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை. அவரும் திருத்தவில்லை. ஆக எனக்கு இரண்டு மாமா. நிஜமான தாய்மாமன் பெரிய மாமா. அப்பா வெறும் மாமா.

அன்றைக்கு ரோட்டில் நான் மாமா மாமா என்று அழுததைக் கேட்டு ஏட்டு, "தாய்மாமனாம்மா?" என்றார். நான் தலையை ஆட்டியிருக்கிறேன் போல. எனக்கு ஞாபகம் இல்லை.

இதைச் சொன்னதும் வக்கீலம்மா சிரித்தார். "எங்க அப்பாவ நாங்க அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். அத்தைங்க கூப்பிட்டதக் கேட்டுக் கத்துக்கிட்டது. இத அப்படியே ஜட்ஜ்கிட்ட சொல்லு. இது தெரியாத வீடு நம்ம ஊர்ல கிடையாது."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா இதச் சாதாரணமா நினைக்காத. கண்ணால பாத்த ஒரே ஆளு நீதான். உங்கப்பா குடிச்சிட்டு லாரி நிழல்ல படுத்துக் கெடந்தாருன்னு கல்லு உடைக்கிற கிரஷர் முதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. இல்லன்னு சொல்ல உன்ன விட்டா ஆள் இல்ல. அவங்க வக்கீல் என்ன செய்வாருன்னா, போலீஸ்கிட்டப் பேசுன பிள்ளை வேற, இது வேற, பேர மட்டும் இவ பேராப் போட்டிருக்காங்க, இவ அங்க இல்லவே இல்லன்னு நிறுத்தப் பாப்பாரு. நீ அங்க இருந்தன்னு ஜட்ஜ் நம்பணும். அதுல தோத்தா எல்லாம் போச்சு."

அப்பாவைக் கொன்ற அந்த டிப்பர் லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டவில்லையாம். அதனால் முதலாளி தன் கையிலிருந்துதான் இழப்பீடு கொடுக்க வேண்டும். விடமாட்டார் என்றார் வக்கீலம்மா.

நான் பார்த்ததை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

ஜூலை 12

ஸ்கூல் வாசலில் கிரஷர் சூப்பர்வைசர் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றார். "நீதான சுடலைமுத்து மவ? நல்லாப் படிக்கியாமே. படி படி." அவ்வளவுதான் சொன்னார். முப்பிடாதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முப்பிடாதி பெரிய மாமா மகள், என்னோடுதான் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஜூலை 21

இலை வாங்க அம்மா பீடிக் கம்பெனிக்குப் போயிருந்தபோது அங்கே யாரோ, குடிகாரனுக்கெல்லாம் கேஸ் ஒரு கேடா என்று பேசினார்களாம். அம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இலையை வெட்டிக்கொண்டே, "வெத்தலையில சுண்ணாம்பு சாஸ்தியானாலே கிறுகிறுங்கும் அந்த மனுசனுக்கு" என்றாள். ராத்திரி வரை சுருட்டினாள். நான் கட்டுக் கட்டிக் கொடுத்தேன். நூல் வெட்டி விரல் எரிகிறது.

ஆகஸ்ட் 3

பெரிய மாமா மாடி எடுக்கிறார். ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் நடக்கிறது. இன்று ஒரு டிப்பர் வந்து வாசலில் எம்-சாண்ட் என்கிற கல் அரைத்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனது. அது பின்னால் வரும் சத்தம் கேட்டதுமே நான் உள்ளே ஓடிவந்து பாயில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, மண்ணு லாரிதானட்டி. இப்படி நடுங்குனா ரோட்டுல எப்படிப் போவ?" என்று அத்தை கேட்டாள். பெரிய மாமா டிரைவருக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

எங்கிருந்து வந்த லாரி என்று நான் பார்க்கவில்லை. சாயங்காலம் முப்பிடாதியும் அவள் தம்பியும் மண்மேல் ஏறிச் சறுக்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கணக்கு இருக்கிறது என்றேன். அம்மா எங்கள் அறை வாசலைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். அங்கே மண் அவ்வளவாக இல்லை.

ஆகஸ்ட் 17

பெரிய மாமா எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சாதாரணமாக உள்ளே வரமாட்டார், வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார்.

"வக்கீலம்மா போன் போட்டாவ. முன்னால சொன்னத மாத்திட்டாவ, கேட்டியா. கோர்ட்டுல மாமான்னு ஒரு வார்த்தை வரப்படாது. சின்னதுலருந்தே அப்பான்னுதான் கூப்பிடுதேன்னு சொல்லணும். மாமான்னு எழுதியிருக்கேன்னு கேட்டா, போலீசு தப்பா எழுதிட்டுன்னு சொல்லு."

"அன்னைக்கு நடந்தபடி சொல்லச் சொன்னாங்களே மாமா."

"அன்னைக்குச் சொன்னாவ. பொறவு யோசிச்சிருக்காவ. பெத்த அப்பன மாமான்னு கூப்பிட்டேன்னா ஜட்ஜு சிரிக்க மாட்டாரா? அவரு வடக்க உள்ளவரு, நம்ம பழக்கம் அவருக்கு என்ன தெரியும்?"

அம்மா பீடி சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

அவர் போனதும், "வக்கீலம்மாகிட்ட ஒரு தடவ நாமளே கேப்போமாம்மா?" என்றேன்.

"நம்பரு அவன் போன்லல்லா இருக்கு."

"கோர்ட்டுக்கே போயி?"

அம்மா முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். "வேலு, நாம கெடக்கது அவன் வீட்டுல. பாத்துக்க" என்றாள்.

ஆகஸ்ட் 18

பெரிய மாமா என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். அவர்தான் எதிர்த்தரப்பு வக்கீல்.

"சுடலைமுத்து யாரு?"

"மாமா... அப்பா."

முப்பிடாதி சிரித்துவிட்டாள். பெரிய மாமா அவளை அடிக்கக் கையை ஓங்கினார். பிறகு மறுபடியும் கேட்டார். சாப்பாட்டு நேரம் வரை கேட்டார்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் அப்பா பேர் என்ன என்று கேட்க, நான் சுடலைமுத்து மாமா என்று சொன்னேனாம். அம்மா வெட்கப்பட்டுப் போய்விட்டாளாம். மாமா மட்டும் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தன் பஞ்சர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவளுக்கு நான் மாமா, அவ மாப்பிள்ளைக்கு நான் என்னவோ" என்பார்.

செப்டம்பர் 10

வாய்தா தள்ளிப்போனது. ஜட்ஜ் லீவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 26

காலாண்டுப் பரீட்சையில் கணக்கு நாற்பத்தொன்று. இந்த நோட்டை அதிகம் பயன்படுத்துகிறேன், முன்பக்கமாகத்தான் இல்லை.

மாடிக்குச் சுவர் எழும்பிவிட்டது. இன்னொரு லோடு மண் வந்தது. பெரிய மாமாவின் மூத்த மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான், இப்போது கிரஷரில் பில் போடும் வேலைக்குப் போகிறான். அத்தை அம்மாவிடம் வந்து, "என்ன செய்ய, அவன் அப்பா சேத்துவிட்டுட்டாவ. நீ தப்பா நினைக்காத" என்றாள். அம்மா, "நான் என்ன நினைக்கப் போறேன்" என்றாள்.

நானும் ஒன்றும் நினைக்கவில்லை. வக்கீலம்மா போன் பண்ணியிருப்பார். பெரிய மாமா பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

அக்டோபர் 15

இப்போது திக்காமல் வருகிறது. சுடலைமுத்து என் அப்பா. நான் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். போலீஸ் தப்பாக எழுதிவிட்டார்கள். கேட்ட உடனே சொல்லிவிடுகிறேன்.

அப்பா என்று சொல்லும்போது யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மனதில் வருகிறார். கையில் கிரீஸ் இல்லாத ஆள். அவருக்காக அழுகை வருவதில்லை. கோர்ட்டில் அழாமல் சொல்ல அது நல்லதுதான்.

நவம்பர் 19

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே போய்விட்டோம். வராந்தாவில் பெஞ்சு காலி இல்லை, படியில் உட்கார்ந்திருந்தோம். வக்கீலம்மா வேறு ஒரு கோர்ட்டில் இருந்தார். எங்கள் கேஸைக் கூப்பிடப் போகிற நேரத்தில்தான் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். என் தோளில் கை வைத்தார்.

"பயப்படாத. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அப்படியே சொல்லிரு."

"இருக்கு மேடம்."

முதலில் சொன்னதா, பிறகு சொன்னதா என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். பெரிய மாமா என் பக்கத்திலேயே நின்றார். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். டவாலி என் பெயரைக் கூப்பிட்டார்.

கூண்டு என் நெஞ்சு உயரம் இருந்தது. ஜட்ஜ் வயதானவர். "நல்லாக் கேக்குற மாதிரி பேசும்மா" என்றார். அவர் பேசுவதைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆள் போலத்தான் இருந்தது.

முதலில் வக்கீலம்மாதான் கேட்டார்.

"சுடலைமுத்து உனக்கு என்ன வேணும்?"

"அப்பா."

"அவர எப்படிக் கூப்பிடுவ?"

இந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மாமா என்ற வார்த்தை வரக் கூடாது என்றால் அவரே அதைக் கேட்பாரா?

"அப்பான்னு."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடியும், மெதுவாக, "வீட்ல எல்லாரும் அவர எப்படிக் கூப்பிடுவாங்க? சின்னதுலருந்து நீ அவர எப்படிக் கூப்பிட்டுப் பழகின?" என்று கேட்டார்.

அவர் எதையும் மாற்றவில்லை. போனும் பண்ணவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். கதவுப் பக்கம் பார்த்தேன். பெரிய மாமா என் பையை மாட்டிக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்க்கவில்லை. சாதாரணமாகத்தான் நின்றார். பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பான்னுதான் கூப்பிடுவேன்."

வக்கீலம்மா இன்னும் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கண்ணாடி போட்டவர், கத்தவே இல்லை.

"பாப்பா, பத்தாவது படிக்கிறியா?"

"ஆமா சார்."

"அப்பாவ எப்பவுமே அப்பான்னுதான் கூப்பிடுவ."

"ஆமா சார்."

"மாமான்னு கூப்பிட்டதே இல்ல."

"இல்ல சார்."

"அன்னைக்கு ரோட்ல ஒரு பிள்ளை மாமா மாமான்னு கத்துச்சு. டீக்கடைக்காரர் கேட்டிருக்கார், ஏட்டு கேட்டிருக்கார். ரெண்டு பேரும் பொய் சொல்றாங்களா?"

"போலீஸ் தப்பா எழுதிட்டாங்க."

"டீக்கடைக்காரர் எழுதலையே பாப்பா. காதால கேட்டிருக்கார். அப்ப அந்தப் பிள்ளை யாரு?"

இதற்குப் பெரிய மாமா பதில் சொல்லித்தரவில்லை.

"தெரியாது சார்."

"சரி. போதும்மா" என்றார். ஜட்ஜைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். டைப் அடிக்கிறவர் அடித்தார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

வராந்தாவுக்கு வந்ததும், வக்கீலம்மா வாயைத் திறக்கும் முன்னால் பெரிய மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "ஏட்டி, இப்படிக் கெடுத்துட்டியே. மாமான்னுதான் கூப்பிடுவேன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. மேடம் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் போலத்தான் இருந்தது.

வக்கீலம்மா என்னைத் தனியாக நகர்த்தி, "யாரு உன்ன அப்படிச் சொல்லச் சொன்னது?" என்றார்.

அம்மா பையைப் பெரிய மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானாத்தான் சொன்னேன் மேடம்."

நவம்பர் 20

ஸ்கூலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன்.

டிசம்பர் 2

மூன்றாவது பீரியடில் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே போய்விட்டார்.

"இங்க யாரும் இல்ல. சொல்லு. உன்ன மறுபடி கூண்டுல ஏத்த நான் மனு போட முடியும். ஆனா முதல்ல ஏன் மாத்திச் சொன்னன்னு ஜட்ஜ் கேப்பார். யாரு சொல்லித்தந்தாங்கன்னு நீ பேரச் சொல்லணும். சொன்னா கேஸ் பொழச்சிரும்."

"சொன்னா நாங்க எங்க மேடம் இருப்போம்?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவைக் கையில் எடுத்தார். "உன்ன ஹாஸ்டல்ல சேத்துரலாம். அதுக்கு நான் பொறுப்பு."

"அம்மா?"

"அம்மாவுக்கும் ஏதாவது..." என்று ஆரம்பித்தார். அதை முடிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

கெட்டவர் இல்லை. எங்களுக்காக வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார். செருப்பு முழுக்கத் தூசி. அவரிடம் அதற்கு மேல் இல்லை, அவ்வளவுதான்.

"நானாத்தான் சொன்னேன் மேடம்" என்றேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கிறது.

டிசம்பர் 9

வக்கீலம்மா போன் செய்தார். பெரிய மாமா ஸ்பீக்கரில் போட்டு அம்மா கையில் கொடுத்தார். மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வது அறை முழுக்கக் கேட்டது.

அம்மா சொன்னாள், "வேண்டாம் மேடம். பிள்ளை பயப்படுது."

நான் பயப்படுகிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜனவரி 17

பொங்கலுக்குப் பெரிய மாமா எனக்கும் முப்பிடாதிக்கும் ஒரே மாதிரி சுடிதார் எடுத்துத் தந்தார். துணி நன்றாக இருக்கிறது. முப்பிடாதி போட்டுக்கொண்டாள். எனக்குத் தோளில் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிடிக்கவில்லை, சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6

தீர்ப்பு வந்துவிட்டது. ஸ்கூலில் திருப்புதல் தேர்வு, நான் போகவில்லை. அம்மாவும் பெரிய மாமாவும் போய்விட்டு வந்தார்கள். மனு தள்ளுபடி. மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம் என்று வக்கீலம்மா சொன்னாராம். பார்க்கலாம் என்று அம்மா சொன்னாளாம். அத்தை வந்து, "விடு பேச்சி, போன உசுரு திரும்பவா போவுது" என்று சொல்லி, அம்மாவுக்குக் காப்பி கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்தாள்.

தீர்ப்பு நகலை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்தாள். எல்லோரும் படுத்த பிறகு எடுத்துப் படித்தேன். தமிழில்தான் இருக்கிறது. இறந்தவர் மது அருந்திய நிலையில் வாகனத்தின் பின்புறம் படுத்திருந்தார் என்ற எதிர்மனுதாரரின் கூற்றை மறுக்க நம்பத்தக்க சாட்சியம் எதுவும் இல்லை. இரண்டாம் மனுதாரரான வேல்கனி சம்பவ இடத்தில் இருந்தார் என்பதை இந்த நீதிமன்றம் நம்பவில்லை.

நான் அங்கே இருந்தேன்.

போன வருஷம் மார்ச் மாதம், சனிக்கிழமை, அரை நாள் ஸ்கூல். அம்மா தூக்குவாளியில் சோறும் புளிக்குழம்பும் கொடுத்துவிட்டாள். நான் போனபோது மாமா பஞ்சர் கடையில் இல்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிரஷர் வாசலில், ஒரு டிப்பருக்குப் பின்னால் குனிந்து டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்திருக்கவில்லை. நீலச் சட்டை. கையில் காற்றுப் பார்க்கும் மீட்டர். டிரைவர் அவரோடு பேசிவிட்டுத்தான் முன்பக்கம் போய் ஏறினான், அதையும் பார்த்தேன். அவன் காதில் போன் இருந்தது. கீழே நின்று வழி சொல்லக் கிளீனர் யாரும் இல்லை.

என்ஜின் சத்தம் மாறியது. லாரி பின்னால் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கல் உடைகிற சத்தத்தில் மாமாவுக்கு அது கேட்கவில்லை.

நான் மாமா என்று கத்தினேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு கத்தினேன். அது மட்டும் அவருக்குக் கேட்டது. வேறு எப்படிக் கத்தியிருந்தாலும் தன்னைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. குனிந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார். வாளியைக் கடையில் வை, இந்தா வாரேன் என்று கையைக் காட்டினார்.